தேர் திரும்பாத முனை

குருமடத்தில் நமக்குத் திருச்சபை வரலாறு கற்பித்த முதிய பேராசிரியர் ஒருவர், ஆண்டொன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அதை நோக்கியபடி சிறிது நேரம் பேசாது நிற்பது வழக்கம். ஒருநாள் 1552 என்று எழுதினார். அதன் கீழே இரு நாள்களைக் குறித்தார். ஒன்று அக்டோபர் 6. மற்றொன்று டிசம்பர் 3. பின்னது அனைவரும் அறிந்ததே. சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில், தம்மை அக்கரை சேர்ப்பதாக வாக்களித்த வணிகனின் படகு இன்று வரும், நாளை வரும் என்று பார்த்திருந்து, புனித சவேரியார் காய்ச்சலில் உயிர் நீத்த நாள் அது. முன்னதோ, இத்தாலி நாட்டு மச்செராத்தா நகரில் மத்தேயோ ரிச்சி என்னும் குழந்தை பிறந்த நாள். பேராசிரியர் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தார். விளக்கம் சொல்லத் தொடங்குமுன் உணவு மணி அடித்துவிட்டது. நமக்கு அன்று பசி, எழுந்து சென்றுவிட்டோம். அந்தக் கோட்டின் பொருளை நாமே தேடிக்கொள்ள ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

2005ஆம் ஆண்டு சூன் மாதத்தில், சவேரியாரைப் பாதுகாவலராகக் கொண்ட சிற்றூர்ப் பங்கு ஒன்றின் பொறுப்பை ஏற்றோம். ஊரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊர்கள் நம் தமிழகத் திருச்சபையில் ஒன்றிரண்டல்ல என்பதை வாசகர் அறிவர். கோயிலைச் சுற்றி மூன்று தெருக்கள்; அவற்றில் ஏறத்தாழ நூற்றிருபது குடும்பங்கள். வாய்க்காலுக்கு அப்பால் தெற்குத் தெரு. அங்கே எழுபது குடும்பங்கள். எல்லோரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறுபவர்கள். ஆனால் டிசம்பர் 3ஆம் நாள் இரவில் சவேரியாரின் தேர் கிழக்குத் தெரு, மேலத் தெரு வழியாக வந்து, புளியமரத்து முனையை அடைந்ததும் வடக்கே திரும்பிவிடும். வாய்க்காலைக் கடக்காது. தெற்குத் தெரு மக்கள் அம்முனையில் வந்து, கையில் மெழுகுதிரியோடு நின்று, உப்பும் மிளகும் தேர்மேல் எறிந்துவிட்டுத் திரும்புவர். சீனத்தை எட்டிப் பார்த்து இறந்த புனிதருக்குத் தம் சொந்தப் பங்கிலேயே செல்ல முடியாத ஒரு கரை இருந்தது!

நமக்கு அப்போது இரத்தம் சூடாக இருந்த வயது. அவ்வாண்டு நவநாளின் மூன்றாம் நாள் மறையுரையில், கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர் என்னும் வேற்றுமை இல்லை எனப் பவுலடியார் கலாத்தியருக்கு எழுதியதை விரித்துரைத்து, இவ்வாண்டுத் தேர் தெற்குத் தெருவுக்குச் செல்லும் என்று பீடத்திலிருந்தே அறிவித்தோம். மறையுரை நன்றாக அமைந்தது என்று அன்றிரவு நாமே நம்மை மெச்சிக்கொண்டதும் உண்மை. மூன்றாம் நாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடந்தது. ஐந்தாம் நாள் காவலர் வந்தனர். சட்டம் ஒழுங்கைக் கருதித் தேர் எந்தத் தெருவுக்கும் செல்லக் கூடாது என்று முடிவாயிற்று. சவேரியார் கொட்டகைக்குள்ளேயே திருநாளைக் கழித்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் நாமும் நம்மை ஓர் இறைவாக்கினராக எண்ணிக்கொண்டு காலம் கழித்திருப்போம். சம்பா அறுவடை வந்தது. ஊர்த்தெருவின் நிலக்காரர்கள் தெற்குத் தெருவில் ஒருவரையும் வேலைக்கு அழைக்கவில்லை. வெளியூரிலிருந்து ஆள் கொணர்ந்தனர். வசதியுள்ளவர் அறுவடை இயந்திரம் அமர்த்தினர். ஆண்டின் பாதி உணவைத் தேடித்தரும் அந்த நாற்பது நாள் வேலை எழுபது குடும்பங்களின் கையைவிட்டுப் போயிற்று. அறைவீட்டில் நம் உலை ஒருநாளும் கொதிக்காமல் இருந்ததில்லை. துணிவாகப் பேசியவர் நாம். அதற்கான செலவைக் கட்டியவர் அவர்கள். இக்கணக்கை உபதேசியார்தாம் ஒரு மாலை, குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல், சும்மா எடுத்துரைத்தார்.

அக்காலத்தில்தான் மத்தேயோ ரிச்சியின் வரலாற்றை மீண்டும் எடுத்தோம். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த பெயர். இப்போது தோற்றுப்போனவனாகப் படித்ததால், வேறு பகுதிகள் கண்ணில் பட்டன.

இயேசு சபையினரான ரிச்சி 1578இல் கோவா வந்து சேர்ந்தார். 1580இல் நம் அண்டையிலுள்ள கொச்சியில் குருத்துவத் திருநிலை பெற்றார். 1582இல் மக்காவோ. அங்கே, சீனம் செல்ல விரும்புவோர் முதலில் சீனமொழி கற்க வேண்டும் என்று கீழைநாடுகளின் பார்வையாளராயிருந்த வலிஞ்ஞானோ வற்புறுத்தியிருந்தார். இன்று இது எளிய செய்தியாகத் தோன்றும். அன்றோ, மதம் மாறுவோர் போர்த்துக்கீசியப் பெயரும் உடையும் பழக்கமும் ஏற்பதே இயல்பு என்று கருதிய குருக்கள் பலர். 1583இல் ரிச்சியும் அவருடைய மூத்த தோழர் ருஜ்ஜியேரியும் சீனத்தின் தென்பகுதியில் ஜாவோசிங் நகரில் குடியேறினர். பேரரசரின் நகரமான பீக்கிங்கை அடைவதே நோக்கம். அந்நகரில் தங்கும் உரிமையோடு ரிச்சி அடியெடுத்து வைத்தது 1601 சனவரி 24ஆம் நாள். இடையில் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

இப்பதினேழு ஆண்டுகளைப் பொறுமையின் சிகரம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. மறையுரைகளில் அவ்வாறே செய்கிறோம். நம்மைத் தடுத்து நிறுத்தியது வேறொன்று. அவற்றுள் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் அவர் தவறான உடையில் இருந்தார்! சமயத் துறவிகள் என்று மக்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு, அவரும் தோழரும் தலையை மழித்துப் புத்த பிக்குகளின் அங்கியை அணிந்தனர். நல்லெண்ணத்தோடு செய்ததே. ஆனால் சீனச் சமுதாயத்தில் ஆட்சியும் மதிப்பும் தேர்வெழுதித் தகுதி பெற்ற கற்றோரிடம் இருந்தன. பிக்குகளை அவர்கள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. இதை ரிச்சிக்கு எடுத்துச் சொன்னவர் சூ தாய்சு என்னும் சீன நண்பர். ரசவாதம் கற்கலாம் என்ற ஆசையில் வந்து, கணிதம் கற்றுச் சென்ற மனிதர். 1595இல் ரிச்சி தாடி வளர்த்து, கற்றோரின் பட்டாடைக்கு மாறினார். தம் பன்னிரண்டாண்டுக் கோலத்தை ஒரு நண்பர் சொல்லுக்காகக் களைந்துபோடுவது விடாமுயற்சியை விடக் கடினம் என்றே நமக்குப் படுகிறது.

இடையில் பட்ட துன்பங்களுக்குக் குறைவில்லை. 1589இல் புதிதாக வந்த ஆளுநர் அவர்களை ஜாவோசிங்கிலிருந்து வெளியேற்றினார். ஷாவோசௌ நகரில் 1592இல் ஓரிரவு வீட்டைத் தாக்கினர். சாளரத்தின் வழியே குதித்த ரிச்சியின் கால் பிசகி, வாழ்நாள் முழுவதும் நொண்டலானது. 1598இல் பீக்கிங்கையே எட்டினார். ஆனால் கொரியாவில் சப்பானியரோடு போர் நடந்த காலம் அது. அயலானுக்கு இடம் கொடுக்க அஞ்சி ஒருவரும் முன்வராததால் திரும்ப நேர்ந்தது. மீண்டும் புறப்பட்டபோது, மா தாங் என்னும் அண்ணகர் வழிமறித்துப் பல மாதங்கள் அடைத்துவைத்தார். மூட்டைகளைச் சோதித்தபோது கிடைத்த பாடுபட்ட சுரூபத்தைக் கண்டு, பேரரசரைக் கொல்லச் செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று கூச்சலிட்டார். நம் ஆண்டவரின் சிலுவை இப்படியும் ஒருவர் கண்ணுக்குத் தெரியும் என்பதை ரிச்சி அன்று அறிந்திருப்பார்.

முடிவில் கதவைத் திறந்தவை அவர் கொண்டுசென்ற மணிப்பொறிகள். தாமாக அடிக்கும் கடிகாரத்தின்மேல் வான்லி பேரரசருக்கு ஆசை பிறந்தது. கடிகாரத்திற்குச் சாவி கொடுக்க வேண்டும். பழுதானால் பார்க்க வேண்டும். நான்கு அண்ணகருக்கு அவ்வித்தையைக் கற்றுக்கொடுத்தனர். ஆயினும் கற்றுக்கொடுத்தவர் ஊரிலேயே இருப்பது நல்லதன்றோ? பேரரசரை ரிச்சி ஒருமுறையேனும் நேரில் கண்டதில்லை. வெற்று அரியணைக்கே வணக்கம் செலுத்தினார். 1610 மே 11ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயதில், அந்நகரிலேயே இறந்தார். அடக்கத்திற்கு நிலம் தந்தது அரசு. அக்கல்லறை இன்று பொதுவுடைமைக் கட்சியின் பயிற்சிக் கல்லூரி வளாகத்திற்குள் இருக்கிறது என்பது வரலாற்றின் குறும்பு. 2022 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிசு அவரை வணக்கத்திற்குரியவராக அறிவித்தார்.

பழைய கதையை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. நாமும் தவறான உடையில் இருந்தோம் என்பதை அது காட்டிற்று. நாம் அணிந்திருந்தது அதிகாரத்தின் அங்கி. நோயில்பூசுதலுக்கும் கல்லறை மந்திரிப்புக்கும் அன்றி, ஊர்த்தெருவிலோ தெற்குத் தெருவிலோ ஒரு திண்ணையில்கூட நாம் அமர்ந்ததில்லை.

2006 முதல் அமரத் தொடங்கினோம். மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் செபமாலை மணி வரை வீடுகளே. முதல் ஓராண்டு தேரைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேசியதெல்லாம் மழை, மாட்டு விலை, மகளுக்கு வரன், பேரனுக்குப் பள்ளியில் இடம். இதையெல்லாம் கோயில் வேலையின் இடையூறு என்று கருதப் பழகியிருந்த நமக்கு, இதுவே கோயில் வேலை என்று புரியச் சில மாதங்கள் பிடித்தன.

பிறகு மெல்ல ஊர்த்தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டோம்: ஏன் தேர் போகக் கூடாது? சாதியின் பெயரை எவரும் சொல்லவில்லை. வாய்க்கால் பாலம் தேரின் பாரம் தாங்காது என்றார் ஒருவர். மின்கம்பி தாழ்வாக இருக்கிறது, சுரூபத்தின் முடி உரசும் என்றார் மற்றொருவர். தெரு குறுகல், சக்கரம் வீட்டுச் சுவரை இடிக்கும் என்றார் மூன்றாமவர். இவை சாக்குகள் என்பது சொன்னவர்க்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதை முகத்தில் அடித்தாற்போல் சொல்வதே நேர்மை என்று 2005இல் நினைத்திருப்போம். இம்முறை அவற்றை மெய்யென்றே ஏற்றுக்கொண்டோம். ஏற்றுக்கொண்டு, குறித்துக்கொண்டோம்.

தேரின் அச்சு ஏழடி. தெற்குத் தெருவைப் பங்குப்பேரவைச் செயலரை உடன்வைத்தே அளந்தோம், ஒன்பதரை அடி. ஓரிடத்தில் மட்டும் மாட்டுக் கொட்டகை ஒன்று உள்ளே தள்ளியிருந்தது. அதன் உரிமையாளர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். பாலத்திற்கு ஊராட்சி ஒன்றியத்தில் மனுக் கொடுத்து, இரண்டாண்டு அலைந்து, 2008 கோடையில் புதுப் பாலம் கட்டி முடிந்தது. கட்டிய கொத்தனார் தெற்குத் தெருக்காரர். ஒப்பந்தத்தில் சொன்னதைவிடக் கம்பியை நெருக்கமாகவே கட்டியிருக்கிறேன் என்று நம்மிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

மின்கம்பியின் கதை தனி. கம்பத்தை உயர்த்த வேண்டி மின்வாரிய அலுவலகப் படியைப் பதினொரு முறை மிதித்தோம். பதினோராம் முறை அங்கிருந்த பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, “நீங்க விடவே மாட்டீங்களா, சாமி?” என்றார். சிரித்துவிட்டோம். லூக்கா நற்செய்தி பதினெட்டாம் அதிகாரத்தில் நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது வந்து நின்ற கைம்பெண்ணை வாசகர் அறிவர். இவள் என்னைத் தொல்லைப்படுத்துகிறாளே என்று நடுவர் சலித்துக்கொள்ளும் இடத்தில் கிரேக்க மூலத்தில் வருவது குத்துச்சண்டைக் களத்துச் சொல். கண்ணுக்குக் கீழே குத்துவது என்பது அதன் நேர்ப்பொருள். ஊர் அஞ்சிய நடுவர், ஓர் ஏழைக் கைம்பெண் தம் முகத்தை வீங்கவைத்துவிடுவாளோ என்று அஞ்சுகிறார்! ஆண்டவரின் நகைச்சுவையை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. அம்மாத இறுதியில் கம்பி உயர்ந்தது.

2009இல் பங்குப்பேரவையை மாற்றியமைத்தபோது, அன்பியங்கள் வாயிலாகத் தெற்குத் தெருவிலிருந்து ஆறு பேர் உறுப்பினராயினர். அதற்குமுன் ஒருவரும் இருந்ததில்லை. அக்டோபர்க் கூட்டத்தில் பாலம், கம்பி, அளவு மூன்றையும் சொல்லி, இனித் தடையேதும் உண்டா என்று கேட்டோம். நீண்ட நேரம் எவரும் பேசவில்லை. தேர்வடத்தை முதலில் தொடும் உரிமையுள்ள குடும்பத்துப் பெரியவர் எழுந்தார். எழுபத்தெட்டு வயது, நேர்மையானவர், அவர் மனைவியின் இறுதி நோயில் நாம் பல இரவுகள் அவரோடு இருந்திருக்கிறோம். “எங்க அப்பன் காலத்துல இல்லாதது. நான் கண்ண மூடுற வரைக்கும் வேணாம், சாமி. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்” என்றார்.

நான்கு ஆண்டு உழைப்பின் பயனாக உண்மையான சொல் ஒன்று வெளிவந்தது. பாலத்தைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ அல்ல. நமக்கு அது வெற்றியாகவே தோன்றிற்று. என்றும் முடியாது என்று சொன்ன ஊர், ஒரு மனிதரின் ஆயுள் வரை என்று இறங்கி வந்துவிட்டதே! நாம் அவர் கையைப் பற்றிக்கொண்டோம். வாக்கு எதையும் கொடுக்கவில்லை என்று பின்னாளில் நமக்கு நாமே பலமுறை சொல்லிப் பார்த்தோம். பற்றிய கை வாக்கன்றி வேறென்ன?

அன்று மாலை தெற்குத் தெரு சென்றோம். அங்கே முதல் வீட்டில் ஒரு பாட்டி. பெரியவரை விடச் சில வயது மூத்தவர். அவர்கள் வயலில் நாற்பதாண்டு நட்டவர், அறுத்தவர். நம்மைக் கண்டால் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, “தேரு எப்ப வரும், சாமி?” என்பதே அவருடைய வணக்கம். நடந்ததைச் சொல்லி, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா, என்றோம். அவர் கோபிக்கவில்லை. “பொறுக்கறது எங்களுக்குப் புதுசா, சாமி? நீங்க இப்பத்தானே பழகுறீங்க” என்றார்.

2010 ஆகஸ்டில் அவர் இறந்தார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் நிற்கையில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பேரன் நம்மிடம் வந்தான். “அவரு சாகட்டும்னு எங்களக் காத்திருக்கச் சொன்னீங்க, ஃபாதர். எங்க ஆயாவுக்காகக் காத்திருக்கச் சொல்லி அவருகிட்ட யாராவது கேட்டீங்களா?” என்றான். திருவழிபாட்டு உடையோடு நின்ற நம்மிடம் விடை இல்லை. அவன் தலையைத் தொடப் போனோம், அவன் விலகிக்கொண்டான்.

அன்றிரவு பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்தோம். புதிய ஏற்பாட்டில் நாம் பொறுமை என்று மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொற்கள் இரண்டு. ஒன்று ‘மக்ரொத்துமியா’, சினத்தை நீட்டித்து ஒத்திப்போடுதல், தண்டிக்கும் வல்லமை இருந்தும் தாமதித்தல். கடவுள் நம்மிடம் காட்டும் பொறுமையைக் குறிக்க வருவது இச்சொல். மற்றொன்று ‘ஹுப்பொமொனே’, ஒன்றின் அடியில் தங்கியிருத்தல், சுமையின் கீழ் நிலைத்துநிற்றல். துன்புறும் சபைகளின் பொறுமைக்குப் பெரிதும் ஆளப்படுவது இது. ஒன்று மேலிருப்பவனின் பொறுமை, மற்றொன்று அடியிலிருப்பவனின் பொறுமை. தமிழில் இரண்டிற்கும் ஒரே சொல். பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்னும் பொருளும் நம் மொழியில் உண்டு என்பதை நாம் மறந்திருந்தோம். ஊர்ப் பெரியவரிடம் நாம் காட்டியது முதல் வகை. அதில் நமக்கு இழப்பேதும் இல்லை. பாட்டியிடம் நாம் கேட்டது இரண்டாம் வகை. ஒரே சொல்லைச் சொல்லி, நம்முடையதும் அவர்களுடையதும் ஒன்றென்று நாமும் நம்பினோம்.

ரிச்சிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடும் அப்போதே புலப்பட்டது. பீக்கிங் செல்லக் காத்திருந்த ஆண்டுகளின் விலையை அவரே பெரிதும் கொடுத்தார். நொண்டிய கால் அவருடையது. நம் மதுரை மறைபணியின் கதை அப்படியன்று. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர், ரிச்சி சீனத்தில் கையாண்ட முறையையே இங்கே கையாண்டார் என்று இருவரையும் சேர்த்துப் புகழ்வது வழக்கம். மொழி, உடை, உணவு ஆகியவற்றில் அது உண்மையே. அவருடைய தமிழுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் இங்கே கற்றோரின் மதிப்பைப் பெறுவதென்பது சாதி ஒழுக்கத்தைப் பேணுவதாகவும் ஆயிற்று. பிராமணத் துறவியாக வாழ்ந்தவர் தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக இயலவில்லை. 1640 முதல் பண்டார சுவாமிகள் என்று வேறொரு பிரிவினர் தோன்றினர். நோயுற்ற பறையர் வீட்டிற்குச் சென்று அருளடையாளங்களை வழங்க மறுக்கக் கூடாது என்று, 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்நோன் ஆணையிட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை உணரலாம். அதற்கும் தீர்வாக 1744இல் ஏற்கப்பட்டது, அம்மக்களுக்கென்று தனிக் குருக்கள் என்னும் ஏற்பாடே. காலம் கனியட்டும், மெல்ல மாறும் என்று நல்லவர்கள் பலர் எண்ணியிருப்பர். அந்நல்லவர்களின் வரிசையில் கடைசியாக நாமும் நிற்பதை அன்றிரவு கண்டோம். இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது 2016இல். தூர்நோனின் ஆணைக்குப் பிந்தி முந்நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள்.

அவ்வாண்டு டிசம்பரிலேயே தேரை விட்டிருக்க வேண்டும் என்று வாசகர் நினைக்கலாம். நாமும் நினைத்தோம். 2005இன் அறுவடை நினைவுக்கு வந்தது. துணிவின்மையோ விவேகமோ, இன்றும் நம்மால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2011 மே மாதம் மாற்றல் ஆணை வந்தது. நமக்குப்பின் வந்த இளங்குருவிடம் திறவுகோல்களையும் கணக்கேடுகளையும் ஒப்படைத்தோம். பாலம், கம்பி பற்றியெல்லாம் சொன்னோம். கையைப் பற்றியதைச் சொல்லவில்லை. வெட்கமே காரணம்.

2014 நவம்பரில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. “இந்த வருஷம் தேர் தெற்குத் தெருவுக்குப் போகுது, ஃபாதர். நீங்கதான் மந்திரிக்கணும்.” பெரியவர் இறந்துவிட்டாரா என்று கேட்டோம். அவர் நலமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்!

எப்படி நடந்தது என்பதை நேரில் சென்றபோது கேட்டறிந்தோம். பேரவையில் தீர்மானம் வைத்தார். தெற்குத் தெருவின் ஆறு பேரும் ஊர்த்தெரு இளைஞர் சிலரும் ஆதரிக்க, அது நிறைவேறியது. அன்று மாலையே பெரியவரின் திண்ணைக்குச் சென்று, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, “தாத்தா, டிசம்பர் மூணு தேர் தெற்குத் தெரு போகுது, உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றாராம். பெரியவர் வெகுநேரம் தெருவைப் பார்த்திருந்துவிட்டு, “பழைய சாமி என்னக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. கேட்டா நான் என்ன சொல்லுவேன்? வேணாம்னுதான் சொல்லுவேன். நீங்க சொல்லிட்டீங்க. சரி” என்றாராம். 2005இல் நாம் வீட்டுக்குச் செல்லாமல் சொன்னோம். 2009இல் வீட்டுக்குச் சென்றும் சொல்லாமல் கேட்டோம். இவ்வளவு சிறிய வேறுபாட்டில் ஓர் ஊரே தங்கியிருந்ததா, அல்லது அந்த ஒன்பது ஆண்டுகளும் சேர்ந்துதான் அவரைச் சரி என்று சொல்லவைத்தனவா? இளங்குரு பின்னதே என்று நமக்கு ஆறுதலாகச் சொன்னார். மரியாதை தெரிந்தவர்.

டிசம்பர் 3 இரவு தேர் புறப்பட்டது. பெரியவர் வரவில்லை, அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வடத்தை முதலில் தொட்டவர் அவருடைய மூத்த பேரன். கிழக்குத் தெரு, மேலத் தெரு, புளியமரத்து முனை. வழக்கமாக வடக்கே திரும்பிப் பழகிய வடக்காரர்கள் ஒரு கணம் தயங்கினர். உபதேசியார் கையை அசைத்தார். தேர் நேரே சென்றது. பாலத்தின்மேல் சக்கரம் ஏறியபோது கொத்தனார் குனிந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிக்கும் சுரூபத்தின் முடிக்கும் இடையே மூன்று முழத்துக்குமேல் இடம் இருந்தது. ஊர்த்தெருவிலிருந்து பாதிப்பேர் பாலம் வரை வந்து நின்றுவிட்டனர். மீதிப்பேர் பின்னால் வந்தனர்.

முதல் வீட்டின் முன் தேரை நிறுத்தச் சொன்னோம். வீடு பூட்டியிருந்தது. பாட்டியின் மருமகள் மகனோடு திருப்பூருக்குப் போய் இரண்டாண்டு ஆகிறது என்றனர். அவன் அங்கே பின்னலாடைத் தொழிற்சாலையில் இருக்கிறான். கடிதம் போட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி உப்பும் மிளகும் கொண்டுவந்து, அவர்கள் பெயரைச் சொல்லித் தேர்மேல் எறிந்தார்.